எதில் பத்து வீதம்?

15 வீதக் கழிவு போக ஒரு சட்டையை 1,700 ரூபாவுக்கு வாங்கினேன். கழிவுக்கு முன் அதன் விலை என்ன? பத்தாம் தர வகுப்பில் இந்தக் கணக்கை எழுதிப் போட்டால் பல கொப்பிகளில் வந்து நிற்கும் விடை 1,955 ரூபா. 1,700இல் 15 வீதம் 255. அதைத் திருப்பிக் கூட்டினால் 1,955. பெருக்கலில் பிழையில்லை, கூட்டலில் பிழையில்லை, கையெழுத்துக்கூட அழகாகத்தான் இருக்கும். கடைக்காரர் 15 வீதத்தைக் கழித்தது பழைய விலையில் என்பது மட்டும் எங்கோ நழுவிவிடுகிறது. 1,700 ரூபா என்பது அந்தப் பழைய விலையின் 85 வீதம். ஆகவே பழைய விலை 2,000.

வருடக்கணக்கில் இந்த 1,955ஐத் திருத்திச் சிவப்பு மை தீர்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு முடிவு உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெருக்க வரும், வகுக்க வரும். 'எதில்?' என்று கேட்கத்தான் வராது. நாங்கள் கேட்கப் பழக்குவதில்லை. இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள், நமது பாடநூலும் மொழியும் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே காலை வாரிவிடுகின்றன என்று பார்க்க வேண்டும். பேச்சு காற்றில் நிற்காமலிருக்க ஓர் ஊரை வைத்துக்கொள்வோம்.

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீளும் குடாநாடு. அதிலுள்ள ஊர்களில் ஒன்று பள்ளிவாசல்துறை. பள்ளிவாசலும் துறையும் பெயரிலேயே இருக்கின்றன. இந்தக் கரையின் பிழைப்பு மீனும் மணலில் போடும் தோட்டமும்: வெங்காயம், மிளகாய், பீட்ரூட், பூசணி. கிணற்றில் மோட்டர் பூட்டித் தண்ணீர் இறைக்காமல் இந்த மணலில் ஒன்றும் முளைக்காது. இப்படியொரு ஊர்ப் பிள்ளை ஒன்பதாம் தரத்தில் 'சதவீதங்கள்' என்ற பாடத்தைத் திறக்கும்போது, அந்தச் சங்கதியை மூன்று இடத்தில் ஏற்கெனவே சந்தித்துவிட்டுத்தான் வருகிறது. பாடநூலுக்கு அது தெரியாது.

முதலாவது இடம் கருவாடு காயும் வாடி. பச்சை மீனை உப்பிட்டுக் காயப்போட்டால் எடை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது மீனையும் உப்பையும் வெயிலையும் பொறுத்தது. கணக்குக்கு மூன்றுக்கு ஒன்று என்று வைப்போம். 12 கிலோ கருவாடு வேண்டுமென்று ஒருவர் சொன்னால் எவ்வளவு மீன் எடுக்க வேண்டும்? 36 கிலோ என்று உடனே வரும். காயும்போது மூன்றில் இரண்டு பங்கு போகிறது, ஆகவே 12இன் மூன்றில் இரண்டான 8ஐக் கூட்டி 20 கிலோ எடுப்போம் என்று வாடியில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 1,955 என்று எழுதுவதும் இதே தவறுதான். குறைந்துபோனதிலிருந்து பழையதற்குத் திரும்பும் வழியைக் கருவாட்டில் சரியாகப் போகிற பிள்ளை, சட்டையில் தடம் மாறுகிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தெரெசீன்யா நூனெஸ், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் பிரேசில் நாட்டு மீனவர்களிடம் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டு 1990இல் எழுதினார்கள். பிடித்த மீனின் எடைக்கும் பதப்படுத்திய மீனின் எடைக்கும் உள்ள விகிதத்தில், அன்றாடத் தொழிலில் கேட்கப்படாத திருப்புக் கணக்குகளையும் அந்த மீனவர்கள் தலையிலேயே போட்டார்கள். அதற்கு முன் 1985இல், ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி இவர்களும் டேவிட் கராஹரும் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. தெருவில் வாடிக்கையாளர்போல் கேட்டபோது 98.2 வீதம் சரியான விடை. அதே கணக்குகளை வசனக் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 73.7. வெறும் இலக்கங்களாகக் கொடுத்தபோது 36.8. ஐந்தே பிள்ளைகள்தானே என்று தள்ளியவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில்போல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2025இல் நேச்சர் இதழில் எழுதியது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கொடுக்கல் வாங்கலைச் சரியாகப் போட்டார்கள், பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தையில் நிற்காத பள்ளிப் பிள்ளைகள் தாளில் நன்றாகச் செய்து, கடைக்கணக்கில் திணறினார்கள். இரண்டும் தாமாக ஒட்டுவதில்லை; யாராவது உட்கார்ந்து ஒட்டவைக்க வேண்டும்.

இரண்டாவது இடம் மத்ரசா. சக்காத் நாற்பதில் ஒன்று என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். விளைச்சலுக்கு, மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. மோட்டர் போட்டு இறைக்கிற ஊரில் எது பொருந்தும் என்று பிள்ளைக்குத் தெரியும். 2.5 வீதம், 10 வீதம், 5 வீதம் என்ற மூன்றும் இப்படிச் சதவீதக் குறியில்லாமலே வீட்டுக்குள் வந்துவிட்டன. அதோடு ஓர் அருமையான விஷயமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சக்காத்தில் 'எதில்?' என்ற கேள்விதான் முதலில் வரும். கையிலுள்ள எல்லாக் காசிலும் அல்ல. இன்ன அளவுக்கு மேலிருந்து, ஒரு வருடம் தரித்திருந்தால், அந்தத் தொகையில். எதில் என்று தீராமல் வீதத்துக்குப் போவதேயில்லை. கணித வகுப்பு இந்த ஒழுங்கை இரவல் வாங்கலாம்.

இங்கே பழைய தமிழ்க் கீழ்வாயிலக்கத்தை நினைக்காமல் போக முடியவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனனம் செய்த பிள்ளைக்கு இருபதில் ஒன்று ஒரு மா. பத்தில் ஒன்று இருமா, இருபதில் மூன்று மும்மா, ஐந்தில் ஒன்று நாலுமா. நாற்பதில் ஒன்று அரைமா. இன்றைய கடை வாசலில் தொங்கும் 5, 10, 15, 20 என்ற வரிசை அப்படியே மா வரிசைதான், சக்காத் அரைமா. மீண்டும் மாகாணியும் முந்திரியும் படிப்பிக்கச் சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் பின்னத்துக்குப் பெயர் இருந்த காலத்தில் அது கையில் எடுத்துப் பார்க்கிற பொருளாக இருந்தது. 15/100 என்று எழுதி மேலும் கீழும் வெட்டுகிற பிள்ளைக்கு அது வெறும் எழுத்து. கால், அரை, முக்கால் மட்டும் இன்றும் வாயில் உயிரோடு இருப்பதால், 25 வீதக் கழிவில் யாரும் சூத்திரம் தேடுவதில்லை. 2,400 ரூபாவில் கால் 600, மிச்சம் 1,800.

மூன்றாவது இடம் சந்தை. அங்கேதான் சொல்லே சிக்கலாகிறது.

தமிழ்நாட்டில் தள்ளுபடி என்பதை இலங்கைப் பாடநூல் கழிவு என்கிறது. வணிகக் கல்வியில் வியாபாரக் கழிவு, காசுக் கழிவு என்று அது இன்னும் கிளைவிடும். அதே சொல் வீட்டில் குப்பைக்கும் சாக்கடைக்கும் பெயர். 'கழிவு விலைக்கு' என்ற பலகையைப் பார்த்து, பழுதான சாமானா என்று கேட்ட பிள்ளையைக் கண்டிருக்கிறேன். மூன்றாவது பொருள் சந்தையில். யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தைகளில் விவசாயி 100 கிலோ கொண்டுவந்தால் 10 கிலோவைக் கழிவென்று தள்ளிவிட்டு 90 கிலோவுக்கே காசு கொடுக்கும் வழக்கமும், அதற்கு எதிரான முறைப்பாடும் நெடுநாளாகச் செய்தித்தாளில் அடிபடுபவை. ஆக ஒரே சொல், வாங்குகிறவருக்கு லாபம், விளைவித்தவருக்கு நட்டம், வீட்டுக்காரிக்குக் குப்பை. கலைச்சொல் செய்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கழிப்பதால் கழிவு, நல்ல சொல்தான். ஆனால் வகுப்பில் இந்த மூன்று பொருளையும் எடுத்து வைத்துப் பேசாமல் கணக்குக்குள் இறங்குவது பிள்ளையை இருட்டில் விடுவது.

'வீதம்' இன்னொரு வம்பு. கிலோ 200 ரூபா வீதம் 5 கிலோ என்றால் அது விலை. 20 வீதம் என்றால் நூற்றுக்கு இருபது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். 1995இல் மெலனி பார்க்கரும் கயா லைன்ஹார்ட்டும் சதவீதம் பற்றிய அதுவரையான ஆய்வுகளைத் திரட்டி எழுதிய நீண்ட கட்டுரையில், இந்தப் பாடம் கடினமாக இருப்பதற்கு மொழியின் இறுக்கத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சதவீதம் ஓரிடத்தில் பின்னம், ஓரிடத்தில் ஒப்பீடு, ஓரிடத்தில் பெருக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே சின்னக் குறி. அவர்கள் ஆங்கிலத்தை வைத்துச் சொன்னது. தமிழில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. '800இல் 15 வீதம்' என்னும்போது எதில் என்பது சொல்லின் வாலிலேயே ஒட்டி, வீதத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. அந்த 'இல்' விடுபட்ட இடத்திலெல்லாம்தான் ஏமாற்றும் தவறும் புகுகின்றன. '20 வீதம் கூடியது' என்ற செய்தியில் இல் இல்லை. '50 வீதம் வரை கழிவு' என்ற பலகையிலும் இல்லை.

'வரை' பற்றி ஒரு சொல். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் உடுப்புக் கடைகளின் வாசலில் 50 என்பது ஆளுயரத்துக்கும், வரை என்பது வெண்டிக்காய் விதையளவுக்கும் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை நானே அப்படியொரு கடைக்குள் போய், மூலையில் கிடந்த ஒற்றை அடுக்குச் சாரத்துக்குத்தான் அந்த 50 என்று அறிந்து, எடுத்த சட்டைக்கு 5 வீதக் கழிவோடு வெளியே வந்தேன். கணித ஆசிரியர்! மறுநாள் வகுப்பில் சமனிலி படிப்பிக்க நல்ல உதாரணம் கிடைத்தது.

பாடத்திட்டம் இதை எப்படி வைத்திருக்கிறது? கீழ் வகுப்புகளில் சதவீதம் அறிமுகமாகி, ஒன்பதாம் தரத்தில் இலாபம், நட்டம், கழிவு, தரகு. பத்தாம் தரத்தில் வரிகளும் வட்டியும். பதினோராம் தரத்தில் கூட்டு வட்டி, பங்குகள். வரிசையில் பெரிய குறையில்லை. குறை கணக்குகளின் சாயலில் இருக்கிறது. குறித்த விலை கொடுக்கப்பட்டிருக்கும், வீதம் கொடுக்கப்பட்டிருக்கும், கழிவைக் காணச் சொல்லும். இந்த மாதிரியில் பத்துக் கணக்குச் செய்த பிள்ளை, தெரிந்த இரண்டு இலக்கத்தையும் பெருக்கி நூறால் பிரிப்பதே சதவீதம் என்று முடிவு கட்டிவிடும். பதினோராவது கணக்கில் விற்ற விலையைக் கொடுத்துக் குறித்த விலையைக் கேட்டால் 1,955 வருகிறது. அது கவனக் குறைவு அல்ல. பத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை விசுவாசமாகச் செய்கிறது.

படிப்பிக்கும் வழிகள் பல உண்டு. நூறால் பிரித்துப் பெருக்கும் சூத்திரம் ஒன்று. ஒரு வீதத்தின் பெறுமதியைக் கண்டு பெருக்கும் அலகு முறை இன்னொன்று. நம் பழைய ஆசிரியர்கள் அதில்தான் ஊறியவர்கள். பத்து வீதத்தைக் கண்டு அதிலிருந்து ஐந்தும் இருபதும் செய்துகொள்வது கடைக்காரர் வழி. 15 வீதக் கழிவென்றால் நேரே 0.85ஆல் பெருக்குவது கணிப்பான் வழி. ஒல்லாந்தில் கணிதக் கல்வியாளர் ஃப்ராய்டன்தாலின் மரபில் வந்தவர்கள் 'சதவீதப் பட்டை' என்ற ஒன்றை நடுவில் வைத்தார்கள். மர்ஜா வான் டென் ஹூவல்-பான்ஹூய்சன் 2003இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்ப் பாடநூல்களின் பட்டைப் படமும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். என் அனுபவத்தில் பட்டையே முதலில் வரவேண்டும், சூத்திரம் கடைசியில்.

செய்வது இதுதான். கொப்பியில் நீளமாக ஒரு பட்டை. அதைப் பத்துக் கட்டமாகப் பிரிக்க வேண்டும். மேலே 0 முதல் 100 வரை வீதம், கீழே ரூபா. முதல் வேலை, 100க்கு நேர் கீழே என்ன வரும் என்று தீர்மானிப்பது; வேறு எதையும் எழுதக் கூடாது. சட்டைக் கணக்கில் அங்கே ஒரு கேள்விக்குறி வரும், ஏனென்றால் பழைய விலை தெரியாது. 1,700 எங்கே போகும்? 85க்குக் கீழே. இவ்வளவு எழுதியதும் வேலை முடிந்தமாதிரி. 85க்கு 1,700 என்றால் 5க்கு 100, நூறுக்கு 2,000. 1,700ஐ 100க்குக் கீழே எழுத வந்த பென்சில் தயங்கி நிற்கிற அந்த ஒரு கணத்துக்காகவே பட்டை வேண்டும். சூத்திரத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இரட்டைக் கழிவிலும் பட்டைதான் காப்பாற்றும். 5,000 ரூபாச் சாமானுக்கு 20 வீதம், வங்கி அட்டைக்கு மேலும் 10 வீதம் என்றால் 30 என்று மனம் கூட்டிவிடுகிறது. முதல் கழிவுக்குப்பின் 4,000, அடுத்த 10 வீதம் அந்த 4,000இல், கட்டவேண்டியது 3,600. கிடைத்தது 28 வீதம். வளர்ந்தவர்களும் இப்படித்தான் கூட்டுகிறார்கள் என்று ஹாய்பெங் சென்னும் அக்ஷய் ராவும் 2007இல் எழுதினார்கள். நாலு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதை 25 வீதக் கழிவு என்று சொல்கிற கூட்டம் பெரிது. கையில் ஐந்து, காசு நாலுக்கு. கழிவு 20 வீதம். 1,000 ரூபாவை 20 வீதம் கூட்டி 1,200 ஆக்கிவிட்டு, பிறகு 20 வீதம் கழிவு என்று பலகை போட்டால் விலை 960. 1,000க்குத் திரும்பிவிட்டது என்று நினைக்கிறவருக்கு 40 ரூபா சும்மா கிடைத்த மாதிரி. அபூர்வமாக நம் பக்கம் விழும் தவறு.

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 10,000 ரூபாவுக்கு முதலில் வரி சேர்த்துப் பிறகு 10 வீதம் கழித்தாலும், கழித்துவிட்டு வரி சேர்த்தாலும் 10,620தான். இதை வகுப்பில் சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்யவிட வேண்டும். வரியும் சேர்ந்த 11,800 ரூபாப் பற்றுச்சீட்டில் வரி எவ்வளவு என்பதுதான் உண்மையான சோதனை. 11,800இல் 18 வீதம் பார்த்து 2,124 என்பார்கள். 118 பங்கில் 18 பங்கு, 1,800.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இந்தக் குடாநாட்டுக்குப் பழகிய காட்சி. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. இரண்டையும் கூட்டி 141 என்றால் குறைத்துச் சொன்னதாகும். 100 ரூபா 175 ஆகி, அந்த 175இல் 66 வீதம் ஏறி, 290க்கு வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம், ஒரு வருடத்துக்குப் பின் 1.3. பணவீக்கம் இறங்கியதே, சாமான் ஏன் இறங்கவில்லை என்று அப்போது கடைக்குக் கடை கேட்டார்கள். 100 ரூபாச் சாமான் 170 ஆகி, அந்த 170இல் 1.3 வீதம் ஏறி 172 ஆனது. இறங்கவேயில்லை. ஒன்பதாம் தரத்துக் கழிவுப் பாடத்தை ஒழுங்காகக் கற்றவருக்கு இதை விளக்கப் பொருளியல் நிபுணர் தேவையில்லை.

கடைசியாக ஒரு வெங்காயக் கணக்கு. யாழ்ப்பாணத்துச் சந்தைக் கழிவை ஒருமுறை இந்தக் கரையோரத்து வகுப்பொன்றில் கொடுத்தேன். கிலோ 200 ரூபா, 100 கிலோ, 10 வீதக் கழிவு. விவசாயி கைக்கு 18,000. அவர் 100 கிலோவில் 10ஐ இழந்தார்: 10 வீதம். அதோடு நிறுத்தாமல், வாங்கிய முதலாளிக்கு எத்தனை வீதம் மேலதிகமாகக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் காசு கொடுத்தது 90 கிலோவுக்கு. சும்மா வந்தது 10 கிலோ. 90இல் 10 என்றால் 11 சொச்சம். பட்டை கீறிப் பார்த்துவிட்டு, தோட்டக்கார வீட்டுப் பையன் ஒருவன் பின்வாங்கிலிருந்து எழும்பினான்.

"விவசாயிக்குப் போனது பத்து வீதம், முதலாளிக்கு வந்தது பதினொரு வீதம். மிச்ச ஒரு வீதம் எங்கிருந்து வந்திச்சு சேர்?"

வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லவில்லை. முன்வாங்கில் இருந்த பெண்பிள்ளை ஒன்று திரும்பி, "ரெண்டு பேருக்கும் அதே பத்துக் கிலோதான். எதிலே பார்க்கிறோம் என்கிறதுதான் வேற" என்றாள். அவன் கொஞ்ச நேரம் தன் இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முதலாவது பட்டையில் 100க்குக் கீழே 100 கிலோ என்றும், இரண்டாவது பட்டையில் 100க்குக் கீழே 90 கிலோ என்றும் பேனையால் அழுத்தி எழுதிவிட்டு உட்கார்ந்தான்.